பாப்பா வந்து தங்குவதற்காகக் குளியலறையைக் கழுவிய விவரம்

அன்பும் மரியாதையும், எப்போதும்போலக் கொஞ்சம் பயமும் கலந்து அண்ணிக்கு எழுதிக்கொள்வது.

இங்கே நான், இவர், புதிதாகக் கழுவப்பட்ட எங்கள் குளியலறை ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே நீங்கள், அண்ணன், எந்நேரமும் கழுவியே இருக்கும் உங்கள் குளியலறை ஆகிய மூவரும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். என் இடுப்பைப் பற்றி மட்டும் விசாரிக்காதீர்கள். அது இன்னும் குனிந்த நிலையில்தான் இருக்கிறது, நான்தான் நிமிர்ந்துவிட்டேன்.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் மூன்று யோசனை சொல்லிவிடுகிறீர்கள். போன தடவை சொன்ன யோசனைக்கே இன்னும் முதுகில் தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன். போதாததற்கு, அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரிப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் சிரிப்பை அடக்கும்போது மூக்கால் விடும் மூச்சு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள். அதனால் சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். அண்ணன் காதில் விழக்கூடாத இடங்களை அங்கங்கே சொல்லிக்கொண்டே வருகிறேன்.

விஷயம் பாப்பாவிடமிருந்து ஆரம்பித்தது. அவளுக்கு வயது முப்பது தாண்டிவிட்டது, ஓர் அலுவலகத்தில் ஒரு கும்பலையே கட்டி மேய்க்கிறாள், ஆனாலும் இந்த வீட்டில் இன்னும் பாப்பாதான். கல்யாணமாகி மாப்பிள்ளையோடு போனவள், அந்தச் சூட்டோடு ஒரே ஒரு தடவை வந்து இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகப் போனில்தான் குடும்பம் நடக்கிறது. போன மாதம் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்கு நம் ஊரில் அலுவலக வேலை இருக்கிறது, தானும் லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன், ஒரு வாரம் இருப்போம் என்றாள். நான் அந்த நிமிஷமே தலையணை உறையை மாற்ற எழுந்துவிட்டேன். அப்போது, ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர்கள் ஒரு குரல் வைத்திருப்பார்களே, அந்தக் குரலில் சொன்னாள்:

“நாங்க ஹோட்டல்ல ரூம் போட்டுக்கிறோம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? பகல்ல வந்து உங்ககூட இருக்கேன். சாயங்காலம் கிளம்பிடறேன்.”

“பகல்ல வந்துட்டு சாயங்காலம் போறதுக்கு நாங்க என்னடி கடையா வச்சிருக்கோம்?” என்று கேட்டேன்.

“அவருக்குக் கொஞ்சம் கூச்சம்மா. பாத்ரூம் ஒண்ணுதானே இருக்கு. அதுவும் நம்ம பாத்ரூம்...” என்று இழுத்து, அங்கேயே விட்டுவிட்டாள்.

‘நம்ம’ என்று அவள் சொன்னதில் எனக்குச் சந்தோஷம், ‘பாத்ரூம்’ என்று சொன்னதில் அவமானம், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இவரிடம் சொன்னேன். “கூச்சமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுக் குளிக்கட்டும்” என்றார் பெரிய வீரன் மாதிரி. சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் ஒரே செடிக்கு விட்டுக்கொண்டு நிற்கிறார், தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளையின் கூச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. (அண்ணன் காதில் விழக்கூடாத முதல் இடம் இது.) எங்கள் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பது நீங்கள் அறிந்ததே, நீங்கள் வந்தால் அண்ணனைக் காவலுக்கு நிற்க வைத்துவிட்டுத்தானே உள்ளே போவீர்கள். பாப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, எடுக்கத் தெரியாமல் வீறிட்டு அழ, இவர் தோளால் இடித்துக் கதவைத் திறந்து அவளை அள்ளிக்கொண்டு வந்தார். தாழ்ப்பாள் ஒரு மூலையில் பிய்ந்து கிடந்தது. இந்தக் கதவில் இனி தாழ்ப்பாள் கிடையாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அதிலிருந்து இந்த வீட்டுச் சட்டம், உள்ளே இருப்பவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் யாரும் தாராளமாகக் கதவைத் தள்ளலாம். இவர் ரேடியோவில் வருவதுபோலச் செய்தி வாசிப்பார், எல்லாம் அவராக இட்டுக்கட்டிய செய்தி, பெரும்பாலும் அவருடைய மேலதிகாரிக்குத் தொலைதூரத்துக்கு மாற்றலாகும் செய்தி. நான் உள்ளே போனால் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். யாரை என்று கேட்டு மனத்தை வருத்திக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் முறை வைத்துத்தான். பாப்பா பாடுவாள்.

பாப்பாவுக்குப் பாட்டு வராது. சுருதி ஒரு தெருவில் போனால் அவள் அடுத்த தெருவில் போவாள். ஆனால் அண்ணி, அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான் நான் அந்தப் பிள்ளையை வளர்த்தேன். கதவை ஒட்டித்தான் எங்கள் சுவரலமாரி இருக்கிறதா, துண்டு மடிக்கிறேன், துணி அடுக்குகிறேன் என்று நிற்பேன். நேரில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஒண்ணுமில்ல’ என்பாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, ஒண்ணுமில்ல. கண் ஏன் சிவந்திருக்கிறது, ஒண்ணுமில்ல. உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும், ஒன்று விடாமல் வெளியே வந்துவிடும். பரீட்சையில் கோட்டை விட்டிருந்தால் வேகமான பாட்டு, கூடவே வாளியில் தாளம். தோழியோடு சண்டை என்றால் ஒரே வரி, அதையே திரும்பத் திரும்ப. அழுகை என்றால் தொண்டை கிழியப் பாடுவாள், அழுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிடக் கூடாதாம். ஒரு நாள் பாட்டு பாதியில் நின்றது, தனக்குத்தானே ஒரு சிரிப்பு, அப்புறம் விட்ட இடத்திலிருந்து பாட்டு. அன்றைக்கே இவரிடம் போய், ‘வீட்டுக்கு மாப்பிள்ளை வரப் போறார், கல்யாணச் செலவுக்குத் தயாராகுங்க’ என்று சொன்னேன். பாப்பா எங்களிடம் வாயைத் திறந்து சொன்னது அதற்கு வெகுகாலம் கழித்து. நான் மிகவும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

இப்போது தினமும் போனில் பேசுகிறாள். வேலை எப்படி, நல்லா இருக்கு. மாப்பிள்ளை எப்படி, நல்லா இருக்கார். நீ எப்படி, நல்லா இருக்கேம்மா. இதை வைத்துக்கொண்டு நான் எதைக் கண்டுபிடிப்பது? ஒரு வாரம் அந்தப் பெண் இந்த வீட்டில் குளித்தாளானால் இரண்டு வருஷக் கதையும் என் கைக்கு வந்துவிடும். ஹோட்டலில் குளித்துவிட்டு, தலை வாரி, பவுடர் போட்டு, ‘நல்லா இருக்கேம்மா’ என்று வந்து நிற்பவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மாப்பிள்ளை விஷயத்தை விட்டுவிட்டேனே. கல்யாணமான கையோடு அவர் வந்து தங்கியபோது, இந்தச் சட்டத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பழகிய விஷயம் பாருங்கள், உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் குளிப்பார்கள் என்று நினைத்துவிட்டோம். அவரோ அடுத்தவர் வீட்டில் தும்மக்கூட அனுமதி கேட்கும் பிள்ளை. சத்தமே இல்லாமல் உள்ளே போய்ச் சத்தமே இல்லாமல் குளித்திருக்கிறார். இவர் முகச்சவரம் செய்துகொள்ள முகமெல்லாம் நுரையோடு, சத்தம் வரவில்லையே, காலிதான் என்று கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். உள்ளே என்ன நடந்தது என்று இருவருமே இன்றுவரை வாய் திறக்கவில்லை. இவர் வெளியே வந்து, “மாப்பிள்ளைக்கு முதுகுல ஒரு மச்சம் இருக்கு” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பாப்பா சட்டத்தை விளக்கிச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை உள்ளே நின்றுகொண்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, பல் தேய்த்துக்கொண்டே, “நான்தான் இருக்கேன் மாமா, நான்தான் இருக்கேன் மாமா” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். இப்போது ஹோட்டல்.

உங்களிடம் யோசனை கேட்டது அதனால்தான். நீங்களும் சொன்னீர்கள், எல்லாவற்றையும் வெளியே எடு, மூன்று குவியல் போடு, வேண்டும், வேண்டாம், யோசிக்க வேண்டும். ஒரு வருஷமாகக் கை படாத பொருள் எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வெளியே தள்ளு என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருஷமாகக் கை படாதது என்ற கணக்கை இந்த வீட்டில் நேர்மையாகப் போட்டால் முதலில் வாசலுக்குப் போக வேண்டியவர் இவர்தான். (இதுவும் அண்ணனுக்கு வேண்டாம்.)

சுவரலமாரியில் கை வைத்தோம். மேல்தட்டில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த பிளாஸ்குகள், அவற்றின் மூடிகள் தனியாக ஒரு பையில், எந்த மூடியும் எந்தப் பிளாஸ்குக்கும் சேராது. அதற்கடுத்த தட்டில் இவருடைய பழைய கால்சட்டைகள், ‘இளைச்சா போட்டுக்கலாம்’ என்று கல்யாணமான மறு வருஷத்திலிருந்து காத்துக் கிடப்பவை. நீங்கள் இளைப்பதற்குள் துணி இளைத்துவிடும் என்றேன். இவர் என் தட்டிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்து, இரண்டு விரலால் தூக்கி, வெளிச்சத்தில் காட்டினார். கால்சட்டையும் ரவிக்கையும் ஜோடியாக ‘யோசிக்க வேண்டும்’ குவியலுக்குப் போயின. இப்படியே போய், சாயங்காலம் பார்த்தால் யோசிக்க வேண்டிய குவியல் கூடத்தை அடைத்துக்கொண்டு ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ‘வேண்டாம்’ குவியலில் ஓர் ஒற்றைக் காலுறையும், நீங்கள் எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பூப்போட்ட மேஜை விரிப்பும் மட்டும் இருந்தன. மேஜை விரிப்பை அங்கே போட்டது இவர். நான் இல்லை.

கீழ்த்தட்டு பாப்பாவுடையது. பள்ளிக்கூடத்து மழைக்கோட்டு, ஒரு பக்கம் வார் அறுந்த பை, முயல்காது வைத்த குல்லா தைத்த ஒரு துண்டு. குளித்து முடித்ததும் அதில் சுருட்டித்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வருவோம், இரண்டு காதும் ஒரு மூக்கும் மட்டும் வெளியே தெரியும். உங்கள் விதிப்படி பார்த்தால் அந்தத் தட்டு முழுக்க வேண்டாததுதான். யார் கை பட்டது அதில்? எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டுத் தொட்டு வைத்தேன். இப்போது எல்லாமே இன்றைக்குக் கை பட்டவை, இன்னும் ஒரு வருஷத்துக்கு யாரும் ஒன்றும் கேட்க முடியாது. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“தள்ளு கொஞ்சம். நானும் ஒரு தடவை தொட்டுக்கிறேன்” என்றார்.

உங்கள் விதியில் ஓட்டை இருக்கிறது அண்ணி, அடைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் எடுப்பவரை வரச் சொன்னோம். அவர் கூடத்தில் நின்று குவியலை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டு, இதையெல்லாம் கொண்டுபோனால் என் வீட்டுக்காரி இதோடு சேர்த்து என்னையும் எடைக்குப் போட்டுவிடுவாள் என்றார். கடைசியில் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டை வாளிகளையும் பிளாஸ்குகளையும் ஏற்றிவிட்டோம். வண்டி தெருமுனை திரும்பும் நேரத்தில் இவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். என்னவென்று கேட்டால், மூடிப் பையை விட்டுவிட்டாராம். மூடி இல்லாத பிளாஸ்கை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்ன செய்வார் என்ற நல்லெண்ணமாம். இருக்கும்போது ஒரு நாளும் சேராத மூடிகளை விற்ற பிறகு சேர்த்துவைத்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிறகு குளியலறை. குளியலறை என்று பெயர்தானே தவிர அது எங்கள் வீட்டுக் கிடங்கு. அதன் நடுவில் ஓர் ஆள் நின்று குளிப்பதற்கு இடம் ஒதுக்கியிருந்தோம், அவ்வளவுதான். செத்துப்போன கீசர் ஒன்று, அதன் தலைமேல் உயிரோடிருக்கும் கீசரின் அட்டைப்பெட்டி. கரைந்து கரைந்து நகம் அளவுக்கு வந்த சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பது இவருடைய கலை. பச்சை, வெள்ளை, ரோஸ் எல்லாம் சேர்ந்து கூட்டுக் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. கூட்டுக் குடும்பம் மாதிரியே பிரியவும் பிரியாது, நுரையும் வராது. பல் தேய்த்து ஓய்வு பெற்ற பிரஷ்கள் ஒரு டப்பா நிறைய, ஒன்று சீப்பு கழுவ, ஒன்று சைக்கிள் செயினுக்கு, மீதியெல்லாம் எதற்காவது ஆகும் என்று. இவர் இப்போது உபயோகிக்கும் பிரஷும் அந்த டப்பாவில்தான் இருந்தது என்பது அதைக் கொட்டிக் கலைத்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை நாள் எதை எதற்கு எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் யோசித்துப் பார்க்க விரும்பவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கழுவுகிற பொறுப்பை இவர் எடுத்துக்கொண்டார், போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டாராம். சமையல் சோடாவைக் கொட்டி அதன்மேல் வினிகரை ஊற்ற வேண்டுமாம். ஒரு கரண்டி என்று வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். அது சின்ன பாத்ரூமுக்கு, நமக்கு அழுக்கு அதிகம் என்று இவர் ஒரு பொட்டலத்தை முழுசாகச் சாக்கடைத் துவாரத்தில் கவிழ்த்து வினிகர் பாட்டிலையும் தலைகீழாகப் பிடித்துவிட்டார். நுரை புசுபுசுவென்று பொங்கி நடைவரைக்கும் வந்தது. ‘பாத்தியா, அழுக்கு வருது’ என்று பெருமையாகச் சொன்னவர், நுரை கணுக்காலைத் தொட்டதும், ‘இது எப்ப நிக்கும்?’ என்று என்னைக் கேட்டார். நின்றது, தானாகத்தான் நின்றது. அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து நாரும் பிளீச்சிங் பவுடருமாகச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தோம். ஓர் இடத்தில் விடாமல் தேய்த்தவர் திடீரென்று நிறுத்தி, இங்கே வந்து பார் என்று கூப்பிட்டார். எங்கள் குளியலறை டைல்ஸ் வெள்ளை, அண்ணி. நான் இத்தனை வருஷமாக அது வெளிர்மஞ்சள் என்று நினைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமாக மஞ்சள் வாளி, மஞ்சள் மக், மஞ்சள் மிதியடி என்று தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு தடவை, ‘கலர் நல்லா மேட்ச் பண்ணியிருக்கே’ என்றுகூடப் பாராட்டினீர்கள். நீங்களும் ஏமாந்தவர்தான் என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸில் மட்டும் ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, ஒரு சிறகு இல்லாமல். மிட்டாய்க்குள் வந்ததை அவள் ஒட்டியது. இவர் பிளேடை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பிளேடைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு அடுத்த டைல்ஸைத் தேய்க்கப் போய்விட்டார். ஆகவே அந்த ஒரு டைல்ஸ் மட்டும் இன்னும் வெளிர்மஞ்சளாகவே இருக்கிறது. ‘யோசிக்க வேண்டும்’ குவியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து கடைசியாகத் தாழ்ப்பாள். மாப்பிள்ளைக்காக இவர் தன் சபதத்தையே விட்டுக்கொடுத்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தார். கடையிலேயே நல்லது எது, கனமானது எது என்று கேட்டு, பளபளவென்று பித்தளையில், ஒரு கோட்டைக்குப் போடலாம், அப்படி ஒரு தாழ்ப்பாள். ஆள் வைத்துப் பொருத்தலாம் என்றால் கேட்கவில்லை. “நான் பேத்தது, நானே போடறேன்” என்றார். அரை நாள் கதவோடு மல்லுக்கட்டி வியர்வை வழிய வந்து, பார்த்துக்கொள் என்றார். பார்த்தேன். வெளிப்பக்கம் பொருத்தியிருந்தார். உள்ளே போகிறவரை வெளியே இருப்பவர் பூட்டி வைத்துக்கொள்ளலாம். ஜெயிலுக்கு நல்லது, மாப்பிள்ளைக்கு ஆகாது என்றேன். கழற்றி உட்பக்கம் மாட்டினார். வெளிப்பக்கம் நான்கு ஓட்டை மிச்சம். அவற்றை அடைக்கத்தான் இவருடைய கூட்டுக் குடும்பச் சோப்பு உதவியது, பரவாயில்லை.

மறுநாள் இவர் குளிக்கப் போனார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது, அதற்கப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. செய்தி இல்லை, மேலதிகாரி இல்லை. வழுக்கி விழுந்துவிட்டாரா, மயக்கமா என்று கதவைப் போட்டு இடித்தேன்.

“என்ன?” என்றார் உள்ளிருந்து.

“சத்தமே காணோமே.”

“தாழ்ப்பாள்தான் இருக்கே. எதுக்குக் கத்தணும்?”

நியாயம்தான். நானும் அன்றைக்கு உள்ளே போய் யாரையும் திட்டாமல் குளித்துவிட்டு வந்தேன். தண்ணீர் மிச்சமாயிற்று, மனத்தில்தான் ஏதோ பாக்கி நின்றது.

குளியலறையைப் படம் எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்பினோம், தாழ்ப்பாளைக் கிட்டத்தில் வைத்துத் தனியாக ஒரு படம். உடனே கூப்பிட்டாள். இது யார் வீட்டு பாத்ரூம்மா என்றாள். நம் வீடுதான், டைல்ஸ் வெள்ளையாம், எங்களுக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். சிரித்தாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். மாப்பிள்ளைக்காக என்றேன். கொஞ்சம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “சரிம்மா, ரூமைக் கேன்சல் பண்ணிடறேன்” என்றாள். அந்தப் பேசாமல் இருந்ததில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. போனில் அதெல்லாம் எங்கே கேட்கிறது.

எப்படியோ, பாப்பா நம் வீட்டில்தான் தங்கப் போகிறாள். இதற்கு முழுக் காரணம் உங்கள் யோசனையும் இவருடைய தாழ்ப்பாளும்தான். இரண்டுக்கும் என் மனமார்ந்த நன்றி. இனிமேல் நீங்களும் அண்ணனைக் காவலுக்கு நிறுத்தாமல், ராணி மாதிரி வந்து, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, நிம்மதியாகக் குளித்துவிட்டுப் போகலாம். அண்ணனுக்கு என் வணக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு சிரிப்பது நெஞ்சுக்கு நல்லதல்ல என்று நான் சொன்னதாகச் சொல்லவும். பிள்ளைகள் நீடு வாழ்ந்து, இருக்கிற இடத்தில் சிரித்த முகமாக இருக்கட்டும். இங்கிருந்து என்னால் கொடுக்க முடிந்த ஆசி அதுதான்.

உங்கள் சொல்லைத் தட்டாத, தட்டினாலும் வெளியே தெரியாமல் தட்டுகிற,
நாத்தனார்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போட்டுப் பசை தேடிக்கொண்டிருந்தபோதே அவர்கள் வந்துவிட்டார்கள், அதனால் மறுபடி பிரித்து எழுதுகிறேன். பாப்பா கொஞ்சம் இளைத்திருக்கிறாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. கேட்டேன். ‘ஒண்ணுமில்லம்மா’ என்றாள்.

நேற்றுக் காலையில் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் கனமாக, நன்றாக விழுந்தது. நான் சுவரலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துண்டுகளை உதறி மறுபடி மடித்தேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது. துண்டு தீர்ந்ததும் தலையணை உறைகளை எடுத்தேன். பக்கத்தில் பார்த்தால் இவர், கையில் எண்ணெய்க் குப்பியோடு, கீல் கிரீச்சிடுகிறதாம். அந்தக் கீல் பிறந்ததிலிருந்து வாய் திறந்ததில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றோம். வாளியில் ஒரு தாளம்கூட இல்லை. கதவு திறந்தது. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர்கள்போல இரண்டு பக்கமும் நின்ற எங்களைப் பார்த்து, ஈரத்தலையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னாச்சு?”

“நீ பாடவே இல்லையே” என்று என் வாய் சொல்லிவிட்டது.

“தாழ்ப்பாள்தான் இருக்கேம்மா” என்றாள். அப்புறம் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: “நீங்க ரெண்டு பேரும் இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்களா?”

நான் தலையணை உறையை மடித்தேன். இவர் போய்த் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார். தோளில் துண்டோடு தன் முறைக்காகக் காத்திருந்த மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. “மாமா, நான் குளிச்சிட்டு வந்தப்புறம் கழட்டலாமா?” என்றார். பாவம், நியாயமான கோரிக்கை. மாப்பிள்ளை வெளியே வரும்வரை இவர் திருப்புளியோடு வாசலிலேயே நின்றார், அதனாலோ என்னவோ அவரும் சட்டென்று முடித்துக்கொண்டார். தாழ்ப்பாள் இப்போது கதவில் இல்லை. மாப்பிள்ளை உள்ளே இருக்கும் நேரத்தில் அவர் சார்பாக இவர் வெளியே நின்று செய்தி வாசிப்பது என்று இரண்டு பேரும் பேசி ஓர் உடன்படிக்கைக்கு வந்திருக்கிறார்கள்.

ஆகவே, மேலே தாழ்ப்பாளைப் பற்றி நான் எழுதியதையும், நீங்கள் நிம்மதியாக வந்து குளிக்கலாம் என்று எழுதியதையும், நன்றி சொன்னதையும் ரத்து செய்துகொள்ளவும். வருவதானால் அண்ணனோடு வரவும், அல்லது ஒரு பாட்டோடு வரவும்.

இன்று காலையில் பாப்பா கதவைச் சும்மா சாத்திக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் தண்ணீர்தான். அப்புறம் ஒரு கனைப்பு. அப்புறம் பாட்டு. அதே குரல், சுருதி அதே மாதிரி அடுத்த தெருவில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நான் கேட்டிராத பாட்டு, அண்ணி. வேகமும் இல்லை, ஒரே வரியைத் திருப்பிப் பாடவும் இல்லை, தொண்டை கிழியவும் இல்லை. இங்கிருந்து போன பிறகு, நாங்கள் இல்லாத இடத்தில் கற்றுக்கொண்ட பாட்டு போலிருக்கிறது. இவர் எண்ணெய்க் குப்பியோடு என் பக்கத்தில் வந்து, “என்னவாம்?” என்று கண்ணாலேயே கேட்டார். தெரியவில்லையே என்று கையை விரித்தேன். சந்தோஷமா, வருத்தமா, இரண்டுமா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவள் ஊருக்குப் போக இன்னும் நாலைந்து குளியல் இருக்கிறது.